மணமற்ற நஞ்சும் எண்ணூரின் சாட்சிகளும்

வடசென்னையின் மாசுக்கு எப்போதும் கண்கண்ட சாட்சிகள் இருந்திருக்கிறார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அதை வாளிகளில் அள்ளியவர்களின் கைகள் கறுத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கண்ணும் மூக்கும் தோலும் சொன்ன சாட்சியமே பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

நிறமும் மணமும் இல்லாத நஞ்சுக்கு யார் சாட்சி சொல்வது?

1938இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த வெண்பொடியே பின்னர் டெஃப்லான் ஆயிற்று. அதன் உறவுச் சேர்மங்கள் நீர் ஒட்டாத துணி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று உலகெங்கும் பரவின. கரிமத்தையும் ஃபுளோரினையும் இணைக்கும் பிணைப்பு மிக வலுவானது. வெயிலும் நுண்ணுயிரும் அதை எளிதில் வெல்வதில்லை. மனித ரத்தத்தில் ஃபுளோரைடு இரு வடிவங்களில் இருப்பதை டொனால்ட் டேவ்ஸ் 1968இல் எழுதினார். அவற்றுள் ஒன்று தொழிற்சாலைச் சேர்மமாக இருக்கலாம் என்னும் ஐயம் 1976இல் எழுந்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் பிஎஃப்ஓஎஸ் 2009இலும் பிஎஃப்ஓஏ 2019இலும்தான் இடம்பெற்றன.

தமிழகத்து நீர்நிலைகளில் இவ்விரண்டையும் அளந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நொய்யலும் அதில் இருந்தது. 2024இல் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பக்கிங்காம் கால்வாய் உள்ளிட்ட சென்னை நீர்நிலைகளில் இவ்வகைச் சேர்மங்களைக் கண்டதாகச் செய்தி வந்தது. அந்தக் கால்வாய்தான் எண்ணூர் வழியாகவும் செல்கிறது.

குடிநீரில் இவ்விரண்டுக்கும் அமெரிக்கா 2024இல் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அவ்வளவு சிறிய அளவைக் காண நீரைச் செறிவாக்கி, நிறப்பகுப்பில் பிரித்து, நிறைமாலைமானியில் இனங்காண வேண்டும். அழிப்பது இன்னும் கடினம். கரி வடிகட்டி நஞ்சை நீரிலிருந்து தன்மேல் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவே. 2022இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் எரிசோடாவும் ஒரு கரைப்பானும் கொண்டு, 120 பாகைக்கு மிகாத வெப்பத்தில் பிஎஃப்ஓஏவைச் சிதைத்துக் காட்டினர்; ஆயினும் அது ஆய்வகத்துக் குடுவைக்குள் பெற்ற வெற்றி. கழிமுகத்தின் நீர் குடுவைக்குள் அடங்காது.

கறுத்த கையை நீட்டிக் காட்டிய மீனவருக்கு, இந்த நஞ்சைக் காட்ட ஏதுமில்லை. கருவி வைத்திருப்பவரே இங்கு சாட்சி. அந்தக் கருவி எண்ணூருக்குத் தொடர்ந்து வருமா, அதன் அளவீடு கழிமுகத்தில் மீன்பிடிப்பவருக்குத் தமிழில் சொல்லப்படுமா என்பதில்தான் இந்த வரலாற்றின் அடுத்த பக்கம் இருக்கிறது.