ஆயிரங்கால் மண்டபமும் அக்கா வீட்டு சன்ஷேடும்

தை 5ஆம் நாள் அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டு, எங்கள் மணலூர்பேட்டை தென்பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். ஆற்றுத் திருவிழா என்றால் சின்ன வயதில் எங்களுக்குக் கரும்பும் ராட்டினமும்தான். "சாமி நம்ம ஊருக்கு வர்றார், நாம அவர் ஊருக்குப் போக வேணாமா?" என்று அப்பா வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்களைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போவார்.

அங்கே ஆயிரங்கால் மண்டபத்தில் நின்றுகொண்டு, "எதுக்குப்பா இத்தனை தூண்?" என்று ஒருமுறை கேட்டேன். "ராஜா கிட்ட காசு இருந்துச்சு, வச்சான்" என்றார் அப்பா. மண்டபம் கிருஷ்ணதேவராயர் காலத்தது, 16ஆம் நூற்றாண்டு. காசு இருந்தது உண்மைதான். ஆனால் தூண்களுக்குக் காரணம் காசு மட்டும் இல்லை என்று, பின்னால் பெண்டிங் மொமென்ட் பாடம் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு தூண்களின் மேல் ஒரு கல் உத்திரம் கிடக்கிறது. மேலே பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு கீழ்நோக்கி வளையும். அப்போது மேல்முகம் நெருக்கப்படும், அடிமுகம் இழுபடும். கருங்கல் நெருக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இழுவையில் அதன் பலம் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான். ஆகவே கல் உத்திரம் உடைந்தால் அடியில்தான் விரிசல் தொடங்கும், அதுவும் பெரும்பாலும் நடுவில்.

அந்த வளைக்கும் வலுவைத்தான் பெண்டிங் மொமென்ட் என்கிறோம். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது. பாரம் சீராகப் பரவியிருந்தால், ஓர் அடிக்கு உள்ள பாரத்தை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். நடு உத்திரத்தில் வரும் அதிகபட்ச மொமென்ட் அதுதான். வர்க்கம் என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. தூண்களின் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் மொமென்ட் நான்கு மடங்கு. கல்லில் கட்டுகிறவனுக்குத் தூணை நெருக்கி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தூண் தலையில் இரு பக்கமும் கை நீட்டியது போல இருக்கும் போதிகையைப் பார்த்திருப்பீர்கள். வாழைப்பூ மாதிரி தொங்கும் வேலைப்பாட்டைப் பார்த்து அது வெறும் அழகுக்கு என்று நினைக்கிறோம். தூண்களுக்கு நடுவே 10 அடி என்று வையுங்கள். போதிகை ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி நீண்டு உத்திரத்தை ஏந்தினால், மிச்சம் 7 அடி. பத்தின் வர்க்கம் 100, ஏழின் வர்க்கம் 49. மொமென்ட் ஏறக்குறைய பாதியாகிவிட்டது! (உத்திரம் போதிகையின் நுனியில் சரியாக உட்கார்ந்தால் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.) சிற்பிக்கு இந்தச் சூத்திரம் தெரிந்திருக்காது. எந்த இடத்தில் கல் உடையும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதைக் கணக்காக எழுத முதலில் முயன்றவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்த கிழவர் எழுதிய கடைசிப் புத்தகம், 1638இல் ஹாலந்தில் லெய்டன் நகரில் அச்சானது. அதில் ஒரு படம் பிரசித்தம்: இடிந்த சுவரிலிருந்து ஒரு மரத்தூலம் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் எடை தொங்கும். நாம் கேன்டிலீவர் என்கிறோமே, அதுதான். தூலத்தின் பலம் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று சரியாகவே சொன்னார். நம்மூர் ஆசாரி சட்டத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பது அதனால்தான்.

ஆனால் ஓர் இடத்தில் தவறிவிட்டார். தூலம் அடி விளிம்பை அச்சாகக் கொண்டு திரும்புகிறது, வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது என்று எடுத்துக்கொண்டார். அப்படிக் கணக்குப் போட்டால் தூலத்தின் பலம் உண்மையைவிட 3 மடங்கு வரும். அதை நம்பி வீடு கட்டினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் இழுவை, மறு பக்கம் நெருக்கம், இடையில் ஒன்றுமில்லாத ஒரு தளம் என்பதை 1773இல் பாரிஸ் அகாடமிக்குக் கொடுத்த கட்டுரையில் கூலோம் சரியாக எழுதினார். மார்டினிக் தீவில் கோட்டை கட்டித் திரும்பிய ராணுவ இன்ஜினியர் அவர். 1826இல் நேவியே தன் வகுப்புப் பாடங்களை அச்சிட்டபோது, இன்று நாம் படிக்கும் வடிவம் வந்தது. கலிலியோவின் பிழை முழுசாகத் தீர ஏறக்குறைய 190 வருஷம்!

மொமென்ட் டயகிராம் வரைவதை மாணவர்கள் மார்க்குக்கான வேலை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது பீமின் எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் படம். இரண்டு பக்கமும் தாங்கிய பீமுக்கு அடியில் இழுவை. சுவரிலிருந்து நீட்டிய கேன்டிலீவருக்கு மேலே இழுவை, அதுவும் சுவரோரத்தில் மிக அதிகம். அதே நீளம், அதே பாரம் என்றால் முன்னதைவிட 4 மடங்கு. கான்கிரீட்டும் கல்லைப் போல இழுவைக்கு ஆகாத பொருள். அதனால் கம்பி எங்கே என்பதுதான் கேள்வி. 1867இல் இரும்புக் கம்பி வைத்த பூந்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கிய மோனியே ஒரு தோட்டக்காரர். இழுவை உள்ள பக்கம் கம்பி போக வேண்டும் என்பதைக் கணக்கோடு எழுதியவர் ஜெர்மனியின் கோனென், 1886இல்.

இத்தனையும் படித்துப் பாஸ் செய்து, வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பிறகு நடந்தது இது. ஊரில் அக்கா வீடு கட்டிக்கொண்டிருந்தாள். லீவில் போயிருந்தேன். வாசல் பக்கம் 3 அடி சன்ஷேடு, கான்கிரீட் போடும் நாள். கம்பியை மேலேதான் கட்டியிருந்தார்கள். ஆனால் சட்டி சுமந்த ஆட்கள் அதன்மேலேயே நடந்து நடந்து, கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தது. பார்த்தேன். மேஸ்திரி அந்தத் தெருவில் பாதி வீடு கட்டினவர், அப்பா வயசு. நேற்றுப் படித்துவிட்டு வந்த பையன் என்ன சொல்வது என்று பேசாமல் காபி குடிக்க உள்ளே போய்விட்டேன்.

பதினைந்தாம் நாள் முட்டுக் கொடுத்த கழிகளை எடுத்தார்கள். கடைசிக் கழி வந்ததும் சன்ஷேடு சுவரோரம் மடங்கி அப்படியே இறங்கியது. கீழே நின்ற சென்ட்ரிங் பையனுக்குக் கால் பாதம் நசுங்கிவிட்டது. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தக் கூலியை அப்பா கொடுத்தார். ஏன் என் கையில் வாங்கவில்லை என்று நானும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து மேஸ்திரியிடம் போனேன். உடைந்து கிடந்த துண்டின் மேலேயே கரித்துண்டால் சுவரை வரைந்து, சன்ஷேடை வரைந்து, சுவரோரம் உயர்ந்து நுனியில் பூஜ்யமாகும் அந்த வளைகோட்டையும் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கம்பி கீழ இறங்கினத அன்னிக்கே பாத்தியா தம்பி?"

"பாத்தேன் மேஸ்திரி."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சன்ஷேடு போட்டபோது கம்பி இறங்காமல் இருக்க, அடியில் வைக்கக் குட்டி நாற்காலி மாதிரி கம்பித்துண்டுகளை அவரே உட்கார்ந்து வளைத்தார். ஆட்கள் நடக்கத் தனியாகப் பலகை போட்டார். கான்கிரீட் முடியும்வரை என்னைப் பக்கத்திலேயே நிற்க வைத்தார்.