ஸ்லக்

இணைய முகவரியின் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால், பக்கத்தின் பெயரைச் சுருக்கிச் சொல்லும் துண்டுக்கு 'ஸ்லக்' என்று பெயர். 'ஐடி=4127' என்பதற்குப் பதில் 'மாடித்தோட்டம்-அமைப்பது' என்றிருந்தால் வாசகருக்கும் புரிகிறது, கூகுளுக்கும் புரிகிறது. உள்ளே அதைப் பழைய எண்ணுக்கு மாற்றிப் பக்கத்தை எடுத்துத் தருவது சர்வரின் வேலை. அப்பாச்சி சர்வருக்கு இதற்கான நிரலை ரால்ஃப் எங்கல்ஷால் 1996இல் எழுதினார்.

சொல்லோ அச்சுக்கூடத்தில் வளர்ந்தது. ஸ்லக் என்றால் ஆங்கிலத்தில் உலோகக் கட்டி. ஒட்மார் மெர்கென்தாலரின் லைனோடைப் இயந்திரம் 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கியது. ஈயக் கலவையை உருக்கி, ஒரு முழு வரியை ஒரே கட்டியாக வார்த்துத் தள்ளும். அந்தச் சூடான வரிக்கட்டிதான் ஸ்லக். எந்தச் செய்தி என்று அடையாளம் காட்ட மேலே வைத்த ஓரிரு சொல் வரிக்கும் நாளடைவில் அதே பெயர் நிலைத்தது. அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியான ஜாங்கோ மென்பொருளில் முகவரித் துண்டுக்கும் அதே பெயர்தான். ஈயம் போய்விட்டது, பெயர் இருக்கிறது.

தமிழ் ஸ்லக்கில் ஒரு சங்கடம் உண்டு. 'அம்மா' என்ற மூன்றெழுத்து, முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த 45 குறிகளாக நீண்டுவிடும். அதற்குப் பயந்து பலர் ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். நான் தமிழிலேயே வைக்கிறேன், மூன்று சொல்லுக்கு மிகாமல்.