அறிவிப்பு எட்டும் தூரமும் தொலைந்தவர் நடக்கும் தூரமும்

நிலநடுக்கம், வெள்ளம் பற்றி எச்சரிப்பதற்காக ஜப்பானிய உள்ளாட்சிகள் தெருக்கம்பங்களில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தியிருக்கின்றன. சைதாமா போன்ற மாநிலங்களில் அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மறதிநோய் கண்ட முதியவர் ஒருவர் வீடு திரும்பவில்லை என்று புகார் வந்தால், காவல் நிலையத்தின் வேண்டுகோளின்பேரில் அறிவிப்பு ஒலிக்கும். ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் எவ்வளவு, என்ன நிறச் சட்டை, தொப்பி உண்டா, எந்தப் பகுதியில் எத்தனை மணிக்குக் கடைசியாகக் காணப்பட்டார் என்ற விவரங்கள் மட்டும் வரும். பெயரைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆள் கிடைத்ததும் அதே ஒலிபெருக்கி ஊராருக்கு நன்றி சொல்லும்.

ஜப்பானியத் தேசியப் போலீஸ் முகமை 2012 முதல் இப்படிக் காணாமல் போவோரின் கணக்கைத் தனியே வெளியிடுகிறது. அந்த ஆண்டில் மறதிநோயால் காணாமல் போனதாகப் பதிவானவர்கள் 9,607 பேர். 2023இல் 19,039 பேர். 2024இல் 18,121 பேர். பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிடுகிறார்கள். ஆனால் 2024இல் 491 பேரின் சடலங்களைத்தான் மீட்க முடிந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர், காணாமல் போன இடத்திலிருந்து 5 கி.மீ. தொலைவுக்குள்ளேயே கிடந்தார்கள்; ஆற்றங்கரையிலும் வாய்க்காலிலும் மரக்காட்டிலும் இறந்தவர்கள் பலர்.

பக்கத்திலேயே இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன உயிர்கள் இவை. ஓர் அறிவிப்பு எத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தது என்பதை வைத்து அதன் வெற்றியை அளப்பது ஏன் தவறு என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன.

அகலமான அறிவிப்பின் மூலவடிவம் அமெரிக்காவில் பிறந்தது. 1996இல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் கடத்திக் கொல்லப்பட்ட சிறுமி ஒருத்தியின் நினைவாக ஆம்பர் அலர்ட் வந்தது. காரில் குழந்தையைக் கடத்திக்கொண்டு விரையும் ஒருவனை மறிப்பதே அதன் நோக்கம். 2006 தொடங்கி ஓக்லஹோமா முதலிய மாநிலங்கள் அந்த அமைப்பை முதியோருக்கும் விரித்தபோது சில்வர் அலர்ட் உருவானது. ஃபுளோரிடாவில் 2008இல் தொடங்கிய திட்டத்துக்கு இந்த அகலமான முறை பொருந்தியது. அங்கே ஓய்வுபெற்றோர் பலர் தாங்களே கார் ஓட்டுகிறார்கள். வழி தவறினால் பக்கத்து மாநிலம்வரைகூடப் போய்விடலாம். நெடுஞ்சாலை மின்பலகையில் வண்டியின் நிறமும் பதிவெண்ணும் ஒளிர்ந்தால், எதிரே வரும் யாரும் அடையாளம் காண முடியும்.

நடந்து போனவர் கதை வேறு. ஜார்ஜியா மாநிலம் தன் திட்டத்துக்கு வைத்த பெயர் ‘மேட்டியின் அழைப்பு’. அட்லாண்டாவில் 2004இல் வீட்டைவிட்டு வெளியேறிய மேட்டி மூர் என்ற மூதாட்டியின் நினைவாக 2006இல் அந்தச் சட்டம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவருடைய உடல் கிடைத்த இடம், அவர் வீட்டிலிருந்து சில நூறு கஜ தூரம்தான். மாநிலம் முழுவதற்கும் செய்தி பறந்திருந்தாலும் அந்த இடத்தில் யாராவது இறங்கித் தேடியிருக்க வேண்டும்.

தேடுதல் பணியில் பழகியவர்கள் இதை நன்கறிவார்கள். மறதிநோயாளர் தாம் வழி தவறிவிட்டதாகவே பல வேளைகளில் உணர்வதில்லை. எங்கோ ஒரு பழைய வீட்டுக்கோ, விட்டுவிட்ட வேலைக்கோ போய்க்கொண்டிருக்கிறார். முள்வேலியோ பள்ளமோ குறுக்கிடும்வரை நடப்பார். சிக்கிக்கொண்டால் அங்கேயே கிடப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கமாட்டார். ஆகவே முதல் சில மணி நேரத்தில் வேண்டியவை இரண்டு: அந்தத் தெருக்காரர்களின் கண்கள், போலீசாரின் கால்கள். தொலைவில் இருக்கும் லட்சம் கைபேசிகளை மீண்டும் மீண்டும் அலறவைத்தால், அடுத்த அறிவிப்பைப் படிக்காமலே தள்ளிவிடும் பழக்கம்தான் வளரும்.

கண்டவர் என்ன செய்வது? ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள ஓமுதா நகரம் 2004 முதல் இதற்கு ஒத்திகையே நடத்துகிறது. தொலைந்தவராக நடிக்கும் ஒருவர் தெருவில் நடந்துவர, தகவல் பெற்றவர்கள் அவரைத் தேடிப் பிடித்துப் பேச்சுக் கொடுக்கப் பழகுகிறார்கள். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, முன்னே வந்து கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். திடுக்கிட வைக்கவோ அவசரப்படுத்தவோ மானம் கெடுமாறு பேசவோ கூடாது. அறிவிப்பின் பலன் கிடைப்பதோ நழுவுவதோ இந்த ஒரு நிமிட உரையாடலில்தான். போலீஸ் விதிமுறைகள் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்றே தோன்றுகிறது.

புகார் தாமதமாவது அடுத்த சிக்கல். வெட்கமும் பழிக்கு அஞ்சுவதும் குடும்பங்களைத் தயங்கவைக்கின்றன. ஜப்பானில் அய்ச்சி மாநிலத்தின் ஓபு நகரில் 2007இல், வயதான மனைவி சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் வெளியேறிய 91 வயது முதியவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில் நிறுவனம் குடும்பத்திடம் இழப்பீடு கேட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதற்கு இசைந்தன. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் அந்தக் குடும்பத்தை விடுவித்தது. கவனிப்பவர்மீதே பழி விழும் என்ற நிலை இருந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் யார் காவல் நிலையத்தை நாடுவார்கள்?

அந்தரங்கம் பற்றிய கவலையும் நியாயமானது. முகமும் பெயரும் நோயும் ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால், வீடு திரும்பிய பின்னும் அழியாது. ஏமாற்றுக்காரர்களுக்கு அது வழிகாட்டியாகவும் ஆகலாம். சைதாமா ஒலிபெருக்கிகளின் சிக்கனம் இங்கே முன்மாதிரி: சட்டை நிறம் போதும் என்றால் பெயர் வேண்டாம். அதற்குமேல் வேண்டிய விவரங்கள் போலீசாரிடம் முன்கூட்டியே இருக்கட்டும். பிரிட்டனின் நார்ஃபோக் காவல் துறை உருவாக்கிய ‘ஹெர்பர்ட் நெறிமுறை’ அதைத்தான் செய்கிறது. நார்மண்டிப் போரில் ஈடுபட்டு, முதுமையில் பிள்ளைப்பருவ வீட்டைத் தேடிப் போய் இறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் பெயரால் அமைந்த அப்படிவத்தை, ஆள் காணாமல் போவதற்கு முன்பே குடும்பத்தார் நிரப்பி வைக்கிறார்கள். அண்மைப் புகைப்படம், உட்கொள்ளும் மருந்து, முன்பு குடியிருந்த வீடுகள், வேலை பார்த்த இடங்கள், வழக்கமாகப் போகும் பாதை எல்லாம் அதில் இருக்கும். புகார் வந்த கணமே போலீசார் எந்தத் தெருவில் ஒலிபெருக்கியை இயக்குவது, எந்த வாய்க்காலோரம் ஆட்களை இறக்குவது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.