பழைய கணினியில் தங்கிய தமிழ் அஞ்சல்கள்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கிய பின், கடல் கடந்து வாழ்ந்த பிள்ளைகளுக்கும் ஊரிலிருந்த பெற்றோருக்கும் இடையே பறந்த விமானக் கடிதங்களின் இடத்தை மின்னஞ்சல் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டது. வந்த அஞ்சலை வீட்டுக் கணினியில் இறக்கியதும் வழங்கியிலிருந்து நீக்கிவிடும் 'பாப்' என்னும் நெறிமுறை அன்று பெருவழக்காக இருந்தமையால், பல குடும்பங்களின் கடிதப் போக்குவரத்து ஒரே வன்தட்டில் தங்கிப்போயிற்று.

அத்தட்டில் அஞ்சல் கிடக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபட்டது. 1988இல் ஸ்டீவ் டோர்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய யூடோரா என்னும் அஞ்சல் மென்பொருள், கடிதங்களை ஒரே கோப்பில் வரிசையாக அடுக்கிவிட்டு, அவற்றோடு வந்த இணைப்புக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் போட்டது. அஞ்சல் கோப்பை மட்டும் படியெடுப்போர் படங்களை இழப்பது இதனால்தான்.

தமிழ்க் கடிதத்தில் சிக்கல் இதற்கும் அப்பால் செல்கிறது. கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியாக்கம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், இணையத்தில் ஆர்வலர்கள் கூடி வகுத்த திஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என உடன்பாடுகள் பலவாயின. கடிதத்தின் தலைப்பகுதியோ பெரும்பாலும் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தின் பெயரையே தாங்கியிருந்தமையால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா எழுதிய நலவிசாரிப்பு பொருளற்ற குறிகளின் குவியலாகவே தெரியும். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றுவதும் எண்ணுக்கு எண் பெயர்க்கும் எளிய வேலையன்று: 'கொ' என்பதைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக் கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்க, யூனிகோடு ககரத்தை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னர் வைக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியோரின் கடிதங்கள், அன்று அரைகுறைத் தமிழென்று இகழப்பட்டவை எனினும், இன்று எந்தக் கணினியிலும் தடையின்றித் திறக்கின்றன.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் 2010இல் எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் பழைய மேக் கணினியை ஆய்வாளர்க்குத் திறந்தபோது, கோப்புகளைப் பெயர்த்தெடுத்ததோடு நில்லாமல், அக்கணினியின் இயங்குசூழலையே புதிய கணினியில் மென்பொருளால் மீட்டமைத்தது. குடும்பக் கடிதங்களுக்கு அத்தனை உழைப்பு மிகை. ஆயினும் தட்டு முழுவதையும் மாற்றமின்றிப் படியெடுத்துவிட்டு, அப்படியின் நகலில் மட்டுமே குறியாக்க மாற்றத்தைச் செய்யும் ஆவணக் காப்பக வழக்கம் வீட்டுக்கும் பொருந்தும். ஏனெனில் மாற்றும் கருவி ஓர் எழுத்தைத் தவறாகக் கொண்டால், மூலம் கையில் இருந்தாலொழிய அப்பிழையைத் திருத்த வழியில்லை. எழுத்துருக் கோப்புகள் அஞ்சலோடு சேராமல் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் தனியே கிடப்பதால், அவற்றையும் உடன் எடுத்து வைத்தால்தான் எந்தக் கடிதம் எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்பதைப் பின்னாளில் ஒப்பிட்டு அறிவது எளிதாகும்.