வலையும் வளையும்

இந்த எபிசோடுக்குக் காரணம் என் அக்கா அனுப்பின ஒரு வாட்ஸ்அப் போட்டோ. அக்கா இங்கிலாந்துல, நாரிச் பக்கத்துல இருக்காங்க. வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் மண்ணு இருக்கேன்னு பீன்ஸ், முட்டைக்கோஸ், கொத்தமல்லின்னு போட்டிருந்தாங்க. போட்டோல பீன்ஸ் நாத்து மொத்தமும் கத்தரிக்கோல் வெச்சு நறுக்கின மாதிரி சாய்வா வெட்டுப்பட்டுக் கிடந்துச்சு. காட்டு முயலோட வேலை. கீழே, "கொல்லாம ஏதாவது வழி சொல்லுடா, நீதான் இன்ஜினியராச்சே"ன்னு ஒரு வரி.

நான் என்ன செஞ்சிருப்பேன்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. ராஸ்பெர்ரி பை, மோஷன் சென்சார், ஒரு ஸ்பீக்கர். முயல் வந்தா நாய் குரைக்கும். ரெண்டு வீக்கெண்ட் உட்கார்ந்து கோடு எழுதிக் கொடுத்தேன். மூணு நாள் வேலை செஞ்சுச்சு. நாலாவது நாள் ராத்திரி கேமரால பார்த்தா, குரைக்கிற ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே ஒண்ணு உட்கார்ந்து முட்டைக்கோஸ் சாப்பிட்டுட்டு இருக்கு. பயந்தது பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான். கடைசில மாமா கடைக்குப் போய் ஒரு ரோல் சிக்கன் மெஷ் வாங்கிட்டு வந்தார்.

அந்த மெஷ் எங்கிருந்து வந்ததுன்னு சும்மா தேடினேன். அது பிறந்ததே நாரிச்லதான்.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம ஊர் வயல்ல ஓடுற காட்டு முயல் வேற, இந்த ஐரோப்பிய முயல் வேற. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேர். நம்மது வளை தோண்டாது, புதர்ல படுத்துக்கும். ஐரோப்பிய முயல் மண்ணைத் தோண்டி வளைக்குள்ள கூட்டமா வாழும். இன்னைக்கு வலையும் வளையும் மாறி மாறி வரப்போகுது, என் உச்சரிப்பைக் கிண்டல் பண்றவங்க தாராளமா பண்ணலாம்.

இங்கிலாந்துல இந்த முயலைப் பரப்பினது நார்மன்கள், 12-ஆம் நூற்றாண்டு வாக்குல. அப்போ அது பூச்சி புழு மாதிரி தொல்லை இல்லை, சொத்து. கறி, ரோமம் ரெண்டுக்கும் நல்ல விலை. மடங்களும் பிரபுக்களும் மண்மேடு கட்டி முயல் பண்ணை வெச்சிருந்தாங்க. நாரிச்ல இருந்து ரொம்ப தூரமில்லாத தெட்ஃபோர்ட்ல, சுமார் 1400-ல கட்டின கல் வீடு ஒண்ணு இன்னும் நிக்குது. கோட்டை மாதிரி தடிச்ச சுவர். உள்ளே இருந்தவர் முயல் காவலாளி. அந்தப் பகுதில பண்ணைகளைச் சுத்திக் கரை எழுப்பி மேல முள்செடி வெச்சாங்க. எதுக்கு? முயல் வெளியே போயிடக் கூடாதுன்னு! அதாவது வேலி முதல்ல முயலை உள்ளே வைக்கத்தான் வந்தது.

பண்ணைல இருந்து தப்பினது காடு, வயல்னு பரவுச்சு. பாதிக்கப்பட்டது யாருன்னா குத்தகை விவசாயி. முயல் நிலச்சுவான்தாரோட வேட்டைப் பொருள், பயிர் குத்தகைக்காரரோடது. அவர் பயிரை முயல் தின்னாலும் பல இடங்கள்ல அவர் அதைத் தொடக் கூடாது. 1880-ல ஒரு சட்டம் வந்த பிறகுதான், தான் உழுற நிலத்துல முயலைக் கொல்லுற உரிமை யாராலும் பறிக்க முடியாததா அவருக்குக் கிடைச்சது. 'கொல்லாம எப்படித் தடுக்கிறது'ங்கிற அக்காவோட கேள்வி ஒரு வசதி. கொல்ல உரிமையே இல்லாதவங்களுக்கு அது கேள்வியே இல்லை.

இப்போ வலை. நாரிச் பல நூற்றாண்டா நெசவு ஊர். 1844-ல அங்க சார்லஸ் பர்னார்ட்ங்கிற இரும்பு வியாபாரி, துணி நெய்யுற தறியைப் பார்த்து, நூலுக்குப் பதிலா கம்பியைப் பின்னுற மெஷின் ஒண்ணு செஞ்சார். அறுகோணக் கண்ணு வெச்ச வலை. தறியோட லாஜிக்கை அப்படியே எடுத்து இன்னொரு மெட்டீரியல்ல ஓட்டியிருக்கார். ஒரு இன்ஜினியரா எனக்கு இது ரொம்பப் பிடிச்ச இடம். இதுக்கு மேல பேசினா எடிட்ல வெட்டிடுவாங்க.

அதுக்குப் பிறகு, 1859 கிறிஸ்துமஸ் அன்னைக்கு, தாமஸ் ஆஸ்டின்ங்கிற பணக்காரருக்காக இங்கிலாந்துல இருந்து 24 முயல் மெல்பர்ன்ல வந்து இறங்குச்சு. வேட்டையாட. அதுக்கு முன்னாடியும் முயல் போயிருக்கு, 1788-ல போன முதல் கப்பல்களோடவே. அது வளர்ப்பு முயல், பெருசா பரவலை. ஆஸ்டினோடது காட்டு ரத்தம். ஆஸ்திரேலிய நிலப்பரப்புல இருக்கிற முயல்கள்ல பெரும்பாலானது அந்தக் கூட்டத்துல இருந்து வந்ததுதான்னு 2022-ல வெளியான மரபணு ஆய்வு காட்டுது.

1887-ல நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம், முயலை ஒழிக்க வழி சொன்னா 25,000 பவுண்டு பரிசுன்னு அறிவிச்சது. லூயி பாஸ்டரே கோழிக் காலரா கிருமியோட ஆள் அனுப்பினார். யாருக்கும் பரிசு கிடைக்கலை.

மேற்கு ஆஸ்திரேலியா வேலி கட்ட முடிவெடுத்தது. 1901-ல ஆரம்பிச்சு 1907-ல முடிச்சாங்க. 1,833 கிலோமீட்டர், கடல்ல இருந்து கடல் வரைக்கும் கம்பி வலை. ஆனா 1902-லயே வேலிக்கு மேற்கே முயலைப் பார்த்துட்டாங்க. வேலை இன்னும் பாதிகூட முடியலை! உடனே இன்னும் மேற்கே ரெண்டாவது வேலி, அப்புறம் மூணாவது. மொத்தம் 3,256 கிலோமீட்டர். புரொடக்‌ஷன்ல பக் வந்தா பேட்ச் மேல பேட்ச் போடுவோமே, அதேதான். ஒரு ஓட்டை, திறந்து விட்ட ஒரு கேட், அவ்வளவுதான். ஒட்டகம் வெச்சுக்கிட்டு வேலி நெடுக ரோந்து போக ஆளுங்க இருந்தாங்க.

வேலிங்கிறது யாரையும் கொல்லாத வழின்னு நாம நினைக்கிறோம். வறட்சிக் காலத்துல தண்ணி தேடித் தென்மேற்கே போற ஈமு பறவைங்க அந்த வேலில முட்டிக் கூட்டம் கூட்டமா செத்திருக்கு.

இன்னொண்ணு. முயல் கதைக்கு நடுவுல இதைச் சொல்றதுல எனக்குத் தயக்கம் இருக்கு, ஆனா விட முடியலை. வேலியைப் பராமரிக்க 1907-ல ஜிகலாங்ல ஒரு டிப்போ போட்டாங்க. அங்க வளர்ந்த மோலிங்கிற பொண்ணோட அப்பா வேலில வேலை பார்த்த வெள்ளைக்காரர், அம்மா பழங்குடி. கலப்புக் குழந்தைகளைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டு போறது அன்னைக்கு அரசாங்கக் கொள்கை. 1931-ல மோலி, டெய்சி, கிரேசின்னு மூணு சிறுமிகளை மூர் ரிவர் முகாமுக்குக் கொண்டு போனாங்க. மூணு பேரும் தப்பிச்சு, முயல் வேலியைப் பிடிச்சுக்கிட்டு வடக்கே நடந்தாங்க. சுமார் 1,600 கிலோமீட்டர். கிரேசி வழியில பிடிபட்டாங்க. மத்த ரெண்டு பேரும் வீடு போய்ச் சேர்ந்தாங்க. மோலியோட மகள் டோரிஸ் பில்கிங்டன் இதைப் புத்தகமா எழுதினாங்க, 2002-ல படமாவும் வந்தது.

வேலி தோத்ததும் 1950-ல மிக்சோமடோசிஸ் வைரஸை விட்டாங்க. கண்ணு வீங்கி, குருடாகி, நாள்கணக்குல சாகுற நோய். 1953-ல அது இங்கிலாந்துக்கும் வந்துச்சு. ரோட்டோரம் தடுமாறுற முயலைப் பார்த்த மக்கள் கொதிச்சுப் போனாங்க. நோய் வந்த முயலை வேணும்னே கொண்டு போய் விட்டுப் பரப்புறது 1954-ல குற்றமாச்சு. பல்லு வெச்சுக் காலைக் கவ்வுற இரும்புப் பொறியையும் 1958-ல தடை பண்ணாங்க.

சரி, அக்கா தோட்டம். மாமா வலையை நேரா நட்டார், ரெண்டே நாள்ல அடியில தோண்டி உள்ளே வந்துடுச்சு. முயல் வேலியோட அடியிலதான் தோண்டும், ஓரடி தள்ளி ஆரம்பிக்கணும்னு அதுக்குத் தோணாது. அதனால வலையோட கீழ்ப்பகுதியை ஓரடி அளவுக்கு வெளிப்பக்கமா மடிச்சு மண்ணுல புதைக்கணும். உயரம் மூணடி போதும். கண்ணு ஒண்ணேகால் இன்ச்சுக்கு மேல இருந்தா குட்டி நுழைஞ்சிடும்.

மடிச்சுப் புதைக்கப் போன அன்னைக்கு அக்கா கூப்பிட்டாங்க. "டேய், பாத்தி ஓரத்துல ஒரு குழி, மண்ணு போட்டு மூடியிருக்கு. பக்கத்துல ரோமமா கிடக்கு."

அது குட்டி போட்ட வளை. தாய் முயல் வாசலை மண்ணால அடைச்சுட்டுப் போயிடும். ராத்திரி ஒரு தடவை வந்து சில நிமிஷம் பால் குடுத்துட்டு மறுபடி அடைச்சிடும். அன்னைக்கே வேலியை மூடியிருந்தா தாய் வெளியே, குட்டிங்க உள்ளே. ஒரு சத்தமும் கேட்டிருக்காது. நாங்களும் யாரையும் கொல்லலைன்னே நினைச்சிருப்போம்.

ஒரு மூலையை மட்டும் திறந்து விட்டாங்க. பீன்ஸ் போனா போகட்டும்னு மாமா மறுபடி விதை வாங்கிட்டு வந்தார். நான் ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்லிட்டுக் கேமராவை மட்டும் விட்டேன். தினமும் விடியறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கிளிப், நாலு நிமிஷம்கூட இருக்காது. மூணு வாரம் கழிச்சு அந்தக் குழில இருந்து ரெண்டு காது எட்டிப் பார்த்துச்சு. அதுக்கடுத்த வாரம் கிளிப் எதுவும் வரலை. சனிக்கிழமை மாமா அந்த மூலையையும் மடிச்சுப் புதைச்சார்.