ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளி

மாலைதீவிலிருந்து மூன்றே நாளில் மஅபர் எனப்பட்ட தமிழகத்தின் கீழைக் கரையைச் சேர்ந்துவிடலாமென்று 1344ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாய் விரித்த கப்பலொன்று, கடல்வழி நன்கறிந்த மாலுமி ஒருவனும் இல்லாமையால் திசை தவறி அலைந்து, ஒன்பதாம் நாள் இலங்கையின் மேற்குக் கரையை அணுகிற்று. சைவர் சிவனொளிபாதமென்றும் முஸ்லிம்கள் பாவாதமலையென்றும் போற்றும் சிகரம் வானில் புகைத்தூண் போல் எழுந்து நிற்பதைக் கண்டு மகிழ வேண்டிய கப்பலோட்டிகள், அருகிலிருந்த துறையைக் கண்டதும் நடுங்கினார்கள். அது யாழ்ப்பாண மன்னரான ஆரியச்சக்கரவர்த்திக்கு உரிய துறை என்பதும், அவருடைய மரக்கலங்கள் கடலில் கொள்ளையடிப்பவை என்பதுமே அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம்.

காற்றோ வலுத்துக்கொண்டிருந்தது. கடலில் நின்றால் மூழ்குவோம், கரையில் இறங்கினால் பறிகொடுப்போம் என்று தத்தளித்தவர்களிடையே, தம்மைக் கரையில் இறக்கிவிட்டால் அரசனிடம் அபயம் பெற்று வருவதாகச் சொல்லி முன்வந்தவர், 1304இல் மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் பிறந்து, 1325இல் ஹஜ் யாத்திரையாகப் புறப்பட்டு, டில்லியிலும் மாலைதீவிலும் காஜியாராக உத்தியோகம் பார்த்த இப்னு பதூதா. கரையில் சூழ்ந்துகொண்டு யாரென்று வினவிய அரசனின் ஆட்களிடம் அவர், தாம் மஅபர் சுல்தானின் சகலரும் நண்பரும் ஆவார் என்றும், அவரைக் காணப் போகும் வழியில் வந்ததாகவும், கப்பலில் உள்ள பொருள்களெல்லாம் அச்சுல்தானுக்குரிய காணிக்கைகள் என்றும் கூறினார். மதுரையில் அப்போது ஆண்டுகொண்டிருந்த கியாசுத்தீன் தாம்கானியின் மனைவியும் இவர் டில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்தவர்களாதலால், சகலர் என்றது மெய்யே. காணிக்கை என்றது சமயோசிதம் என்று நாம் கருதினால் யாத்திரிகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அழைப்பு வந்தது. அவர் சென்ற ஊரைத் தம் நூலில் பத்தாலா என்று குறிக்கிறார். அது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் கொள்கை. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு நகரம் என்று வருணிப்பவர், அதனை அம்மன்னனின் தலைநகரென்றே சொல்லிவிடுகிறார். தலைநகர் நல்லூர் என்பது யாழ்ப்பாணச் சரித்திரம் வாசித்த பள்ளிச் சிறுவனும் அறிந்தது. முத்துச் சலாபத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் மன்னன் பரிவாரங்களோடு தங்கியிருந்த ஊரைப் புதிதாக வந்தவர் தலைநகரெனக் கொண்டார் என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கரையெங்கும் கறுவா மரங்கள் குன்று குன்றாகக் குவிந்து கிடந்ததாகவும் எழுதியிருக்கிறார். உப்பளமும் முட்புதரும் நிறைந்த அந்த வறண்ட கரையில் கறுவா ஏது என்று வினவுவோர்க்கு அவரே விடையும் தருகிறார்: அவை உள்நாட்டுக் காட்டாற்று வெள்ளங்கள் அடித்துக்கொண்டு வந்து சேர்த்தவை. மஅபரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி அள்ளிச் சென்றார்களாம். ஆனால் அதற்காக மன்னனுக்குத் துணி முதலியன கொடுத்தார்களாம். விலையில்லாப் பொருளுக்கு இத்தகைய உபசாரம் எக்காலத்து வியாபாரிகளுக்கும் பழக்கமானதே.

மன்னன் பாரசீகம் அறிந்திருந்தமையால் துவிபாஷி இல்லாமலே சம்பாஷணை நடந்தது. சக்கரவர்த்தியின் கலங்கள் சிறியனவும் பெரியனவுமாக 100 மஅபர்க் கரையில் நிற்கத் தாம் கண்டதாக யாத்திரிகர் கூறுவதையும் இந்த இணக்கமான வரவேற்போடு சேர்த்து நோக்கின், மாலுமிகள் சொன்ன கொள்ளைக்காரனும் இவர் கண்ட உபசாரியும் ஒருவனாகவே இருத்தல் எங்ஙனம் என்பது விளங்கும். பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் அவன் அனுமதியோடு வந்தவன் விருந்தாளி, அனுமதியின்றிச் சென்றவன் இரை.

ஒருநாள் அவர் உள்ளே சென்றபோது, சலாபத்திலிருந்து வந்த முத்துக்கள் மன்னன் முன் குவிந்திருக்க, அதிகாரிகள் நல்லவற்றைத் தனியே தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தனர். நீர் வந்த நாடுகளில் முத்துக் குளிப்பதைப் பார்த்ததுண்டா என்று மன்னன் கேட்க, பாரசீகக் குடாவின் கைஸ் தீவிலே பார்த்ததாக இவர் சொன்னார். சில முத்துக்களைக் கையிலெடுத்துக் காட்டி, இவற்றுக்கு நிகரானவை அங்கே உண்டா என்றான் மன்னன். இவற்றிலும் தாழ்ந்தவற்றையே கண்டேன் என்று மறுமொழி வந்தது. மகிழ்ந்த மன்னன் அம்முத்துக்களை அவருக்கே கொடுத்து, வேண்டியதைக் கேள் என்றான். ஆதத்தின் பாதம் பதிந்த மலையைத் தரிசிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டேன் என்றார் இவர்.

பல்லக்கொன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை போகும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், அரசனின் ஆட்கள் பதின்மரும், உணவு சுமப்போர் பதினைவரும் ஏற்பாடாயினர். மூங்கில் மிதவையில் ஆறு கடந்து அவர்கள் தங்கிய மனார் மந்தலி முந்தல் பக்கத்து ஊராகவும், அதற்கடுத்த சலாவாத் சிலாபமாகவும் இருத்தல் கூடும். முன்னதில் காட்டு எருமைக் கன்றுகளைப் பிடித்துவந்து ஊரார் விருந்திட்டனர். சோறு, நெய், மீன், கோழி, பால் யாவும் இருந்தன. ஆயினும் அவ்வூரில் அவர் கண்ட முஸ்லிம், நோயினால் பின்தங்கிவிட்ட குராசான் தேசத்தவர் ஒருவர் மட்டுமே. புத்தளமும் கற்பிட்டியும் இன்று முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் ஊர்களாயிருத்தலை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கும்.

துறையில் நிற்கவே அஞ்சிய கப்பல் தலைவன் இப்ராஹீமோ, யாத்திரிகர் திரும்பும்வரை ஓராண்டாயினும் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்ட மன்னன் அவனையும் தன் விருந்தாளியாகவே வைத்துக்கொண்டான். மலை தரிசித்துத் தென்கரை வழியாகக் காலி, கொழும்பு எல்லாம் கண்டு திரும்பியவரை ஏற்றிச்சென்ற அக்கப்பல் மஅபர்க் கரையை நெருங்கும்போது புயலில் சிக்கிக் கெட்டது. உயிரும் முத்தும் தப்பின. பின்னர் அவர் மேலைக் கரையோரமாகக் கப்பலில் சென்றபோது, ஹொன்னாவருக்கும் பார்க்கூருக்கும் இடையே கொள்ளையர் 12 கலங்களோடு வந்து வளைத்து, இலங்கை மன்னன் கொடுத்த முத்துக்களையும் மணிகளையும், பெரியோர் அளித்த ஆடைகளையும் பறித்துக்கொண்டு, காற்சட்டை ஒன்றை மட்டும் விட்டு அவரைக் கரையில் இறக்கிவிட்டனர்.