சோதனை வழிசெலுத்தல் காட்சி

சோதனை வழிசெலுத்தல் காட்சி என்பது, மென்பொருள் சோதனைக் கருவிகளில் சோதனைகளின் பட்டியலையும் அவற்றின் முடிவுகளையும் காட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல உதவும் பயனர் இடைமுகப் பகுதியாகும். இது பெரும்பாலும் மர வடிவில் அமைகின்றது. ஒரு சோதனை எந்தத் திரையில் தோன்றினாலும் அதே பெயர், அதே இடம், அதே குறியீடு ஆகியவற்றைக் கொண்டிருப்பது இக்காட்சியின் சீர்மை எனப்படும். சீர்மை இல்லையெனில், இயக்கப்படாத சோதனையை வெற்றி பெற்றதாகப் பயனர் தவறாகக் கருத நேரிடும்.

வரலாறு

ஜாவா மொழிக்கான ஜேயூனிட் என்னும் அலகுச் சோதனைச் சட்டகத்தை 1997 ஆம் ஆண்டில் கென்ட் பெக், எரிக் காமா ஆகியோர் உருவாக்கினர். அதன் வரைகலை இடைமுகத்தில் எல்லாச் சோதனைகளும் வெற்றி பெற்றால் பச்சைப் பட்டையும், ஒன்றேனும் தவறினால் சிவப்புப் பட்டையும் தோன்றின. எக்லிப்ஸ் மென்பொருளின் ஜேயூனிட் காட்சியில் இப்பட்டையின் கீழ் சோதனை மரம் உள்ளது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விசுவல் ஸ்டுடியோ 2012 பதிப்பில் சோதனை எக்ஸ்புளோரர் என்ற காட்சி இடம்பெற்றது.

மரத்தின் அமைப்பு

திட்டம், தொகுதி, வகுப்பு, சோதனை என்ற வரிசையில் மரம் கிளைக்கின்றது. இதனை இருவகையாகத் தொகுக்கலாம்.

1. நிரலின் அமைப்பைப் பின்பற்றுதல்: ஒவ்வொரு சோதனைக்கும் நிலையான இடம் உண்டு.
2. முடிவைப் பின்பற்றுதல்: தவறியவை ஒருங்கே தெரியும். ஆனால் முடிவு மாறும்போது சோதனை வேறு குழுவுக்கு இடம்பெயர்வதால், பயனர் அதனை மீண்டும் தேட வேண்டியுள்ளது.

இடத்தை மாற்றாமல், தவறியவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியை வழங்குவது இதற்கு ஒரு தீர்வாகும். எக்லிப்சில் இத்தகைய வடிகட்டி உண்டு. வடிகட்டி செயற்படுவதையும் மறைந்துள்ள சோதனைகளின் எண்ணிக்கையையும் காட்சி தெளிவாகக் காட்டுதல் வேண்டும்.

நிலைக் குறியீடுகள்

வெற்றி, தோல்வி, பிழை, தவிர்க்கப்பட்டது, இயக்கப்படாதது ஆகியன தனித்தனி நிலைகளாகும். எதிர்பார்த்த மதிப்பு கிடைக்காதது தோல்வி. எதிர்பாராத விதிவிலக்கால் சோதனை முறிவது பிழை. எக்லிப்ஸ் முன்னதை நீல நிறப் பெருக்கல் குறியாலும் பின்னதைச் சிவப்புப் பெருக்கல் குறியாலும் காட்டுகின்றது.

தாய்க் கணு, தன் கீழுள்ள சோதனைகளின் நிலைகளுள் மோசமானதைக் காட்டுவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 120 சோதனைகளில் 80 வெற்றி பெற்று, தரவுத்தள இணைப்பு இன்மையால் 40 இயக்கப்படவில்லை எனக் கொள்வோம். தோல்விகளை மட்டும் எண்ணும் காட்சி "தோல்வி 0" எனக் காட்டும். தாய்க் கணுவும் பச்சையாகவே இருக்கும். "80/120" என்று காட்டும் காட்சியில் குறை உடனே புலப்படும்.

நெறிமுறைகள்

யாக்கோபு நீல்சன் 1994 இல் வெளியிட்ட 10 பயன்பாட்டு நெறிகளுள் சீர்மையும் ஒன்றாகும். 2008 இல் வெளியான வலை உள்ளடக்க அணுகுதிறன் வழிகாட்டல்கள் 2.0, பல பக்கங்களில் திரும்ப வரும் வழிசெலுத்தல் கூறுகள், பயனரே மாற்றினாலன்றி, ஒரே வரிசையில் அமைய வேண்டும் என்கின்றது. நிறத்தை மட்டுமே கொண்டு தகவலை உணர்த்துதல் கூடாது என்பதும் அதன் விதியாகும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உள்ளமையால், சோதனைக் குறியீடுகள் வடிவத்தாலும் வேறுபடுதல் இன்றியமையாதது.